பழைய கோடு கோடாகவே இருக்கட்டும்: ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீதி அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், எமது மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், எமது சட்டத்தரணிகள் சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எமது நகரத்தில், புதிய நீதிமன்றத் தொகுதியின் பின்புறமாக, பாதி ஓடும் பாதித் தகரமுமாக நிற்கும் பழைய கோட்டுக் கட்டடத்தை, அதாவது பழைய நீதிமன்றத்தை, என்ன செய்வது என்பது பற்றிக் கடந்த சில மாதங்களாகப் பலரும் பேசிவருகிறார்கள். இடித்துவிட்டு அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்பலாம் என்கிறார்கள் சிலர். திருத்தி நூதனசாலையாக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். ஏ9 வீதியால் வடக்கே போகும் பயணிகள் இறங்கித் தேநீர் குடிக்கக்கூடிய உணவகமாக்கினால் வருமானமும் கிடைக்கும் என்று இன்னுமொரு யோசனை உலாவுகிறது. அந்தக் கட்டடத்திலும் வன்னியின் வேறு நீதிமன்றங்களிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் மொழிபெயர்ப்பு முதலியாராக, அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக, கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நான்காவது யோசனை ஒன்றைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். அது கோடாகவே இருக்கட்டும்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் நீதிமன்றம் என்பது பத்திரிகைச் சொல். பெரியவர்களுக்கு அது இன்றும் கோடுதான். ஆங்கிலேயருடைய சொல்லை எங்கள் நாக்குக்கு ஏற்றபடி வளைத்து எடுத்துக்கொண்டோம்; கோடு கச்சேரி ஏறாத குடும்பம் என்று சொல்லிச் சம்பந்தம் பேசவும் பழகிக்கொண்டோம். கோடும், அரச நிருவாக அலுவலகமான கச்சேரியும் ஒரே மூச்சில் வருவதற்குக் காரணம் உண்டு. 1803 இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனுடன் பொருதிய காலத்தில் ஆங்கிலேயர் வன்னிக்குள் கொண்டுவந்தது பீரங்கியை. கோடு அதற்குப் பின்னரே வந்தது. 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் மாவட்ட நீதிமன்றங்களை ஏற்படுத்திய பின்னரும், காடும் காய்ச்சலும் சூழ்ந்த தூரப் பிரதேசங்களில் வரி பார்த்த உத்தியோகத்தரே வழக்கும் கேட்ட காலம் நெடுநாள் நீடித்தது. ஒரே வளவுக்குள் ஒரு பக்கம் வரி, மறுபக்கம் வழக்கு. எங்கள் பழைய கட்டடத்தின் தரைப்படத்தைப் பார்த்தாலே இது விளங்கும்: நடு மண்டபத்துக்கு இரு பக்கமும் அறைகள், அவற்றைச் சுற்றி விறாந்தை, நீதவான் வந்து போவதற்குப் பின்னால் தனிக் கதவு.

நான் கடமையேற்றபோது அங்கே இயங்கியது சுற்றுலா நீதிமன்றம். இளையவர்கள் சிரிக்க வேண்டாம். நீதவான் குறித்த நாட்களில் சுற்றி வந்து வழக்குக் கேட்கும் மன்றுக்கு எங்கள் ஊரில் வைத்த பெயர் அது. அந்தச் சொல் உல்லாசப் பயணத்துக்கு உரியதாகிப்போனது வேறு கதை. சுற்றுலா நீதிமன்றமாக இருந்த கட்டடம் சுற்றுலா உணவகமாக முடிவது சொல்லளவில் பொருத்தமாகத் தோன்றலாம். எனக்கு அது உவப்பாக இல்லை.

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு முற்பட்ட கட்டடமென்றால் சட்டமே அதைப் புராதனச் சின்னமாகக் கொள்ளும். பிற்பட்டதென்றால் அரச அறிவித்தல் இதழான வர்த்தமானியில் பெயர் வந்தால்தான் பாதுகாப்பு. எங்கள் கட்டடத்தின் எஞ்சிய ஓடுகளில் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தால் அடியில் பாசல் மிசன் என்ற கிறித்தவ அமைப்பின் முத்திரை தெரிகிறது. அந்த மிசன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865 இல். ஆகவே கூரையைப் பொறுத்தவரை நாங்கள் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். வர்த்தமானி அறிவித்தல் இல்லாமல் நாளைக்கே ஒரு பெக்கோ இயந்திரம் வந்து நின்றால் அதைத் தடுக்க எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை.

தொல்பொருள் திணைக்களத்தாரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வன்னியில் உங்கள் திணைக்களத்தின் பெயர்ப்பலகையைக் கண்டால் மக்கள் முதலில் கேட்பது, எங்கள் வயலும் கோயிலும் இனி எங்களுடையவையா என்பதைத்தான். அந்த அச்சத்துக்கான காரணங்களை இம்மடலில் விரிக்கப் போவதில்லை. அது வேறு வழக்கு. ஆனால் மக்கள் தாங்களாகவே முன்வந்து, இந்தக் கட்டடத்தைப் பாதுகாத்துத் தாருங்கள் என்று உங்களைக் கேட்கும் சந்தர்ப்பம் இங்கே அடிக்கடி வருவதில்லை. அறிவித்தலைத் தமிழில் தெளிவாக எழுதி, எல்லைகளை ஊர்க்காரர் முன்னிலையில் அளந்து, கட்டடத்தின் பயன்பாடு நீதிமன்றத்திடமே இருக்கும் என்பதை அதில் குறிப்பிட்டுத் தந்தால், ஒரு சுவரைவிடப் பெரிய ஒன்றை நீங்கள் திருத்தியவர்களாவீர்கள்.

இனி நான் அறிந்த தொழிலுக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளனுக்குக் காதுதான் முதல். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நீதிமன்ற மொழி என்பதை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை ஏற்றிருக்கிறது. என்றாலும் சிங்களம் மட்டும் தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தரும், தமிழ் மட்டும் தெரிந்த முறைப்பாட்டாளரும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய ஆவணமும் ஒரே வழக்கில் சந்திக்கும்போது நடுவில் ஒருவன் நிற்கத்தான் வேண்டும். அப்படி நின்றவன் என்பதால் சொல்கிறேன்: நீதிமன்றம் முதலில் காதுக்காகக் கட்டப்படும் கட்டடம். எங்கள் பழைய மண்டபம் ஏறத்தாழ பதினெட்டு அடி உயரம். மேலே உட்கூரை இல்லை. கைமரம், சலாகை, அதன்மேல் ஓடு. ஓட்டின் இடுக்குகளால் வெப்பம் மேலேறிப் போய்விடும், பேச்சும் சுவரில் அடிபட்டுத் திரும்பி வராது. சாட்சிக் கூண்டில் நிற்பவர் வழமையான குரலில் பேசினால் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாமல் பல்லாண்டு வழக்கு நடந்தது அப்படித்தான். மழை பெய்தால் ஓடு முணுமுணுக்கும், அவ்வளவே.

போருக்குப் பின்னர் கிழக்குப் பாதிக்குத் தகரம் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள், அன்றைக்கு அதுவும் இல்லாவிட்டால் சுவர் கரைந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்கழி மழை தகரத்தில் இறங்கும்போது நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்ப்பார். எல்லோரும் மேலே பார்ப்போம். காணி வழக்கொன்றில் அப்படிப்பட்ட ஒரு நாளில், வேலி இருந்த இடத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஒரு மூதாட்டி "எல்லை" என்று சொன்னதை நான் "இல்லை" என்று கேட்டு அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். அவருடைய சட்டத்தரணி கவனமாக இருந்தபடியால் உடனே திருத்தப்பட்டது. திருத்தியிராவிட்டால் அந்தக் குடும்பத்தின் அரை ஏக்கர் ஓர் எழுத்தில் போயிருக்கும். பிழை என்னுடையது. இருந்தாலும் அந்தத் தகரத்தையும் அதில் பங்காளியாகச் சேர்க்கிறேன். ஆகவே கூரையை மீண்டும் ஓட்டுக்கு மாற்றுங்கள் என்று நான் கேட்பது அழகுக்காக அல்ல. சொன்னது சொன்னபடி பதிவாக வேண்டும் என்பதற்காக.

இதே காரணத்துக்காக, குளிரூட்டி பொருத்துவதற்காக மண்டபத்துக்குக் கீழ்க்கூரை அடித்து யன்னல்களைக் கண்ணாடியால் மூடும் திட்டத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். புதிய கட்டடங்கள் பலவற்றில் மின்சாரம் நின்ற மறுநிமிடம் வழக்கும் நிற்பதைக் கண்டிருக்கிறேன். இந்த மண்டபம் மின்சாரம் இல்லாமலும் இயங்கக்கூடியது. அந்தக் குணத்தைப் பணம் செலவழித்துக் கெடுக்க வேண்டியதில்லை. காணொளித் தொடர்பு அறைக்கு மட்டும் குளிரூட்டி போதும்.

கட்டடத்தின் தரை வெளியிலிருந்து மூன்றரை அடி உயரம். வெள்ளத்துக்கும் கறையானுக்கும் பயந்து உயர்த்தியிருக்கிறார்கள், ஏழு படிகள். வன்னியில் ஏழு படி என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. முள்ளிவாய்க்கால் வரை போய் ஒரு காலோடு திரும்பியவர்களும், மிதிவெடியில் பாதம் இழந்தவர்களும், முள்ளந்தண்டில் சன்னம் தங்கிச் சக்கர நாற்காலியில் வாழ்பவர்களும் இங்கே வழக்காளிகளாகவும் சாட்சிகளாகவும் வருகிறார்கள். பெயர் கூப்பிடும் வரை படியடியில் காத்திருந்து, கூப்பிட்டதும் இரண்டு பொலிஸ்காரர் தூக்கிக்கொண்டு போய் மன்றின் முன் இறக்கிவிட்ட ஒருவரின் முகத்தை நான் மறக்கவில்லை. அவர் வாதி. நட்டஈடு கேட்டு வந்தவர். தூக்கி வரப்பட்ட பின்னர் அவர் பேசிய குரலும், அதற்கு முதல் தவணையில் வாசலில் நின்று என்னோடு பேசிய குரலும் ஒன்றாக இருக்கவில்லை.

பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டிலேயே வர்த்தமானியில் வெளிவந்துவிட்டன. பழைய கட்டடம் என்பது அதற்கு விலக்கு அல்ல. ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் பார்த்தால் மூன்றரை அடிக்கு நாற்பத்திரண்டு அடிச் சாய்தளம் வேண்டும், நடுவில் இளைப்பாறச் சமதளமும் வேண்டும். முகப்பில் அதற்கு இடமில்லை. முகப்பைக் கெடுக்கவும் கூடாது. தெற்குப் பக்கத்து விறாந்தையோடு ஒட்டி, வேப்பமர நிழலில், சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் சாய்தளமாகக் கட்டலாம். நாளைக்கு வேறு வழி கிடைத்தால் அதைக் கழற்றி எடுக்கவும் முடியும். ஒன்று மட்டும்: அதை ஊனமுற்றோருக்கான பக்க வழியாக ஆக்கிவிடாதீர்கள். சட்டத்தரணிகளும் அந்த வழியாகவே ஏறட்டும். சாட்சிக் கூண்டின் இரண்டு படிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மண்டபம் வரை உருண்டு வந்த நாற்காலி அங்கேதான் நின்றுவிடுகிறது.

விறாந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்குக்கு வருபவர் நீதவான் முன் நிற்கும் நேரம் சில நிமிடங்கள். விறாந்தையில் இருக்கும் நேரம் காலை எட்டரை முதல் மத்தியானம் வரை. பராமரிப்பு வழக்குக்கு வரும் பெண்ணும், பணம் கட்டாமல் ஓடித்திரிந்த கணவரும், கணவரின் தாயாரும் ஒரே வாங்கில் அமர வைக்கப்பட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாங்கிலேயே சில வழக்குகள் சமாதானமாயின என்பதும் உண்மை. வாங்கிலேயே சில பெண்கள் பயந்து வழக்கைக் கைவிட்டார்கள் என்பதும் உண்மை. இரண்டாவது வகைதான் கூட. 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டமும் 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் தாளில் தந்த பாதுகாப்பை அந்த ஒரு வாங்கு திருப்பி எடுத்துவிடுகிறது. வடக்கு அறையைப் பெண்களும் பிள்ளைகளும் தனியாக இருந்து கூப்பிடும்போது நேரே மண்டபத்துக்குள் வரக்கூடிய அறையாக மாற்றலாம். அதற்கு ஒரு செங்கல்லையும் உடைக்க வேண்டியதில்லை. முன்னர் கல்லால் அடைத்த பழைய கதவொன்று அங்கே இருக்கிறது, அதைத் திறந்தால் போதும். மேற்கு மூலையில் காணொளி அறையை அமைக்கலாம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கான சட்டம் முதலில் 2015 இலும் பின்னர் புதிதாக 2023 இலும் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் கண்ணுக்கு முன் நிற்காமல் வேறிடத்திலிருந்து சாட்சியமளிக்க அது வழி செய்கிறது. வழி இருக்கிறது, அறைதான் வேண்டும். மலசலகூடத்தைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வரியில் எழுதிவிடுகிறேன்: பெண்களுக்குப் பூட்டக்கூடிய கதவோடும், சக்கர நாற்காலி உள்ளே திரும்பக்கூடிய அகலத்தோடும் கட்டுங்கள்.

வழக்கேடுகள் பற்றிய பகுதி எனக்கு மிகவும் கனமானது. இடம்பெயர்வுகளில் பெட்டி பெட்டியாகத் தொலைந்தவை போக, எஞ்சியவை இன்று கிழக்கு அறையில் இரும்பு அலுமாரிகளிலும் அலுமாரிகளுக்கு மேலும் தரையிலுமாகக் கிடக்கின்றன. அவை பழம் தாள்கள் அல்ல. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்குக் காணி போய்ச் சேரலாம் என்ற பழைய விதி, ஊரைவிட்டு ஓடிய மக்களுக்கு எதிராகத் திரும்பியபோது, போரினால் வழக்குத் தொடர முடியாமற்போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. நல்லது. ஆனால் 1983 க்கு முன்னர் காணி யார் கையில் இருந்தது என்பதைக் காட்டுவது எப்படி? காணி உறுதி எரிந்திருக்கும்; நொத்தாரிசு இறந்திருப்பார்; அந்தக் காலத்துப் பங்கு வழக்கொன்றின் ஏட்டில் ஒட்டியிருக்கும் நில அளவைப் படம் மட்டும் தப்பியிருக்கும். ஒரு குடும்பத்தின் முதிசம் கறையான் பற்களுக்கு இரண்டு அங்குலம் தள்ளி இருப்பதைக் கண்ணால் கண்டவன் நான்.

ஆகவே வேலை தொடங்கும்போது முதலாவதாக அசைய வேண்டியது முகப்பு அல்ல, அந்த அறை. ஏடுகளை எண்ணி, பட்டியல் எழுதி, உலர்ந்த இடமொன்றுக்கு மாற்றி, ஒவ்வொரு தாளையும் படம் பிடித்த பின்னரே கொத்தனார் உள்ளே வரட்டும். திருத்தம் முடிந்ததும் அவை அந்த அறைக்கே திரும்பட்டும், ஆனால் தரையிலிருந்து உயர்த்திய தட்டுகளோடும், புகையை உணர்ந்து ஒலிக்கும் கருவியோடும். 2020 டிசெம்பரில் கொழும்பில் உயர் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலேயே தீ மூண்டது உங்களுக்கு நினைவிருக்கும். தலைநகரில் தீயணைப்பு வண்டி உடனே வந்துசேரும். எங்களிடம் வந்துசேரும் நேரத்தில் வழக்கேடு சாம்பலாகியிருக்கும். மின்கம்பிகளைப் புதிதாக இழுக்கும்போது சுண்ணாம்புச் சுவரை வெட்டிப் புதைக்காமல், சுவரின் மேலாக உலோகக் குழாயில் கொண்டுபோவதே நல்லது. பார்வைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், பரவாயில்லை.

சான்றுப்பொருள்களும் அப்படித்தான். மன்னார் நகரில் 2018 இலும் கொக்குத்தொடுவாயில் 2023 இலும் மனிதப் புதைகுழி அகழ்வுகள் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்தன. இவ்வாறான வழக்குகள் ஓர் ஆண்டில் முடிபவை அல்ல. அத்தகைய சான்றுகளைப் பொறுப்பேற்கும் நிலைக்கு வரக்கூடிய எந்த நீதிமன்றத்திலும் பூட்டும், வெப்பக் கட்டுப்பாடும், யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் உள்ள அறை இருக்க வேண்டும். பழைய கட்டடத்தின் தடித்த சுவர்களுக்குள் பகலில் வெப்பம் மெதுவாகவே இறங்குகிறது என்பதால், இதற்கு அது புதிய கட்டடத்தைவிடப் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன்.

சுவர் சுண்ணாம்பும் செங்கல்லும். சில இடங்களில் முருகைக்கல். முன்னர் ஒருமுறை திருத்த வந்த ஒப்பந்தகாரர் இடுப்பளவு உயரத்துக்குச் சீமெந்து பூசிவிட்டுப் போனார். நிலத்து ஈரம் சுவரால் ஏறும்போது சுண்ணாம்பு அதை வெளியே விடும், சீமெந்து விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறிச் சீமெந்து முடியும் இடத்தில் உவராகப் பூத்து, அங்கே சுவரைத் தின்கிறது. இன்று சென்று பார்த்தால், சீமெந்து பூசிய பகுதி கல்லுப்போல் நிற்க, அதற்கு ஒரு முழம் மேலே விரலால் தட்டினாலே சுவர் உதிர்வதைக் காணலாம். ஆகவே ஒப்பந்தகாரரிடம் விலை கோரும் கேள்விப்பத்திரத்தில் சீமெந்து என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முருகைக்கல் அகழ்வதும் சுடுவதும் கரையோரத்தைக் காக்கும் சட்டத்தால் தடுக்கப்பட்டிருப்பதால், சுண்ணாம்புக்குச் சிப்பியையோ நிலத்துச் சுண்ணக்கல்லையோ நாட வேண்டியிருக்கும். பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காயும் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்புச் சாந்து பூசிய கைகள் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கின்றன. வயது எழுபதுக்கு மேல். அவர்களைக் கூலியாக அல்ல, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களாக அழையுங்கள்.

மேற்குச் சுவரில் சன்னம் பட்ட துளைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அடைத்து வெள்ளையடித்துவிட வேண்டும் என்பாரும் உண்டு, ஒன்றையும் தொடக்கூடாது என்பாரும் உண்டு. அந்தக் கட்டடத்தில் அரச நீதவானும் அமர்ந்திருக்கிறார், விடுதலைப் புலிகளின் நிருவாகத்தில் அவர்களுடைய நீதிமன்றமும் நடந்திருக்கிறது, இடம்பெயர்ந்த குடும்பங்களும் தறப்பாள் கட்டி விறாந்தையில் சமைத்திருக்கிறார்கள், சீருடையினரும் தங்கியிருக்கிறார்கள். இந்த நான்கில் எதையும் சுவரிலிருந்து சுரண்டி எடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்பது என் எண்ணம். பழைய சின்னங்களைப் பேணுவது பற்றிய 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நிற்க வேண்டும் என்கிறது. இல்லாமற்போன பகுதியைப் புதிதாகச் சேர்க்கும்போது அது மொத்தத்தோடு இசைய வேண்டும், ஆனால் பழையதென்று ஏமாற்றக்கூடாது என்றும் சொல்கிறது. அதன்படி, சுவரின் பலத்தைக் குறைக்கும் துளைகளை அடைத்து, மற்றவற்றை விட்டுவிடலாம். விளக்கப் பலகை வேண்டாம். இங்கே வருகிற எவருக்கும் அது என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை.

கூரைக்கு மரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. சட்டத்தரணிகள் சங்கத்தினர் இதில் எனக்கு உதவ வேண்டும். பழைய கைமரங்கள் பாலையும் முதிரையும். அதே பாலையும் முதிரையும், காட்டில் களவாக அரியப்பட்டுப் பிடிபட்டு, வழக்கின் சான்றுப்பொருளாக இங்குள்ள முற்றங்களில் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன. வழக்கு முடிந்து அரசுடைமையாக்கப்பட்ட பின்னரும் ஏலத்துக்குப் போகும் வரை கிடந்து, பாதி உக்கிப்போகிறது. காட்டைக் காக்கக் கட்டளையிட்ட மன்றின் கூரைக்கே அந்த மரத்தில் நல்லதைத் தெரிந்தெடுத்து, முறையான கட்டளையோடும் கணக்கோடும் ஒதுக்கித் தந்தால், புதிய மரம் ஒன்றும் விழ வேண்டியதில்லை. ஓடு விடயத்தில், எஞ்சிய பழைய ஓடுகளை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குச் சேர்த்துவிட்டு, பின்பக்கத்துக்குப் புதியது போடலாம். ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை ஓடு சுட்ட காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. அங்கிருந்து ஓடு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும்.

உணவக யோசனையைச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொழும்பில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011 இல் திருத்தப்பட்டுக் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கட்டடம் இன்று நன்றாகவே இருக்கிறது. சிங்கப்பூரில் 1939 இல் திறக்கப்பட்ட பழைய உயர் நீதிமன்றம் 2015 இல் தேசிய ஓவியக்கூடமாயிற்று. கைதிகளை வைத்திருந்த சிறு அறைகளைக்கூட அவர்கள் காட்சிக்காகக் காத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நீதிமன்றத்துக்குப் போதுமான புதிய இடம் கிடைத்த பின்னரே பழையது கைமாறியது. எங்களுடைய நிலை அதுவல்ல. புதிய தொகுதியில் தவணைக்கு மேல் தவணை, நிற்க இடமில்லை, மத்தியஸ்த சபை சனி ஞாயிறுகளில் பாடசாலை வகுப்பறையில் சிறுபிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் மடித்துக் கூடுகிறது. கிராமக் கோடுகள் 1970களில் ஒழிக்கப்பட்ட பின்னர் ஊரின் சிறு பிணக்குகளுக்கென ஒரு கூரை இருந்ததேயில்லை. பழைய மண்டபத்தைக் கிழமை நாட்களில் குடும்ப, பராமரிப்பு வழக்குகளுக்கும், வார இறுதியில் மத்தியஸ்த சபைக்கும் கொடுத்தால், வரும் ஆட்களுக்குத் தேநீர் விற்று வெளியே யாராவது வருமானம் தேடிக்கொள்வார்கள்.

என் மனத்துக்கு நெருக்கமான உதாரணம் சென்னையில் இருக்கிறது. 1892 இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடத்தில் இன்றும் வழக்கு நடக்கிறது. அதன் கோபுரத்தில் எரிந்த கலங்கரை விளக்கம் பின்னர் மெரீனாக் கரைக்குப் போய்விட்டது, கோடு போகவில்லை. நாள்தோறும் ஆள் நடமாடும் கட்டடத்தில் ஓடு விலகினால் மறுநாளே ஒருவர் பார்ப்பார், முறைப்பாடு எழுதுவார். ஆள் இல்லாத கட்டடத்தின் கதையை அறிய எவரும் தூரம் போக வேண்டியதில்லை. ஆங்கிலேய ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்த்திருக்க மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரில் கட்டிய மாளிகை, பார்ப்பார் இன்றிக் கடலரிப்பில் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது.

கடைசியாகக் காலக்கணக்கு. எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை. கூரையைத் திறக்கக்கூடிய காலம் மாசி முதல் ஆவணி வரையே. அரச ஒதுக்கீடோ ஆண்டின் நடுப்பகுதியில் அனுமதியாகி, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் கைச்சாத்தாகி, டிசெம்பர் 31 க்குள் செலவழித்து முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கார்த்திகை மழையில் ஓட்டைக் கழற்ற ஆள் அனுப்புவது வழமையாகிவிட்டது. சுண்ணாம்புச் சாந்து அவசரத்துக்கு உலராது. ஆகவே இரண்டு ஆண்டு ஒப்பந்தமாக எழுதுங்கள்: முதலாம் ஆண்டு ஏடுகளும் அளவைப்படமும் மரமும், இரண்டாம் ஆண்டு மாசியில் கூரை. இடையில் நிற்கும் மழைக்காலத்துக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். தகரமும் ஓடும் சந்திக்கும் வடகிழக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு வானம் தெரிகிறது. அதற்கு நேர் கீழே இருப்பது வழக்கேட்டு அறையின் இரண்டாவது அலுமாரி. பெரிய திட்டம் முடிவாகும் வரை காத்திருக்காமல், ஐப்பசி பிறக்குமுன் அந்த மூலைக்கு ஒரு தறப்பாள் போட்டுக் கட்டித்தாருங்கள். கயிறு பிடிக்க நான் வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவர்,
வன்னி.